நட்சத்திரம் சொல்லாததும் கம்பெனி சொல்லாததும்: ‘எலீட் டேஞ்சரஸ்’ குறித்துச் சில குறிப்புகள்

1

வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், ‘அதெல்லாம் பையன்கள் சமாச்சாரமப்பா, அதுக்குப் போய் விமர்சனமா?’ என்றார். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் நாம் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். லட்சக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் உள்ளே போய் வாழ்ந்துவிட்டு வருகிற ஒரு பிரதியை வாசிக்க மறுப்பது தூய்மைவாதம். அந்தப் பிரதிக்குள் யார் எதைத் தெரிந்துகொள்ளலாம், யாரிடமிருந்து எது மறைக்கப்படுகிறது, மறைக்கப்பட்டதைத் தோண்டியெடுக்கும் உழைப்பு யாருடையது என்கிற கேள்விகள் கவிதைக்கும் நாவலுக்கும் மட்டுமே உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் எடுத்துக்கொள்ளும் பிரதி ‘எலீட் டேஞ்சரஸ்’. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரன்டியர் டெவலப்மென்ட்ஸ் என்ற கம்பெனி 2014 டிசம்பரில் வெளியிட்டது. 2012 நவம்பரில் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் கையேந்தி, 2013 ஜனவரிக்குள் 15 லட்சத்து 78 ஆயிரம் பவுண்டுக்கு மேல் திரட்டித் தொடங்கிய வேலை. பால்வீதி முழுவதையும் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் கணினிக்குள் கட்டியிருக்கிறார்கள். 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள். அவற்றில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவை வானியல் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்ட உண்மையான நட்சத்திரங்கள். மற்றவை சூத்திரங்களால் பிறந்தவை. உங்களிடம் ஒரு சின்னக் கப்பலைக் கொடுத்து, ‘போ’ என்கிறார்கள். எங்கே போவது, எதற்குப் போவது என்று யாரும் சொல்வதில்லை.

இந்தச் ‘சொல்லாமை’தான் என் பொருள். ஓர் உதாரணத்தோடு ஆரம்பிக்கலாம். 2016 மே மாதம் ‘எஞ்சினியர்கள்’ என்ற பகுதி சேர்க்கப்பட்டது. கப்பலை மேம்படுத்தித் தரும் தொழிற்பட்டறைக்காரர்கள் இவர்கள். முதலில் அறிமுகமாகிறவர்களில் ஒருவர் ஃபெலிசிட்டி ஃபார்சீர். டெசியாட் என்ற மண்டலத்தில் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய தயவு கிடைக்க ‘மெட்டா அலாய்’ என்ற உலோகக்கலவை ஒரு அலகு கொண்டுவந்து தர வேண்டும். சரி, தரலாம். எங்கே கிடைக்கும்? அந்தத் திரை சொல்வதில்லை. கடையில் கேட்கலாமா? கேட்பதற்கு ஆள் இல்லை. அது விற்கப்பட்ட இடம் மாயா மண்டலத்தில் ஒரு நிலையம். மாயா இருப்பது நாம் கார்த்திகை என்று சொல்கிற மீன்கூட்டத்தில், சூரியனிலிருந்து ஏறக்குறைய 400 ஒளியாண்டுக்கு அப்பால். 40,000 கோடியில் ஒன்று. தானாகத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நடைமுறையில் என்ன நடந்தது? விளையாடுகிறவர் விளையாட்டைச் சுருக்கிவிட்டு, வெளியே போய், யாரோ முகம் தெரியாத ஒருவர் எழுதிவைத்திருந்த குறிப்பைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். கார்த்திகைக்கான வழி விளையாட்டுக்கு வெளியே இருந்தது.

2

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. ‘பிரபஞ்சம் உனக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டதா? தெரியாமையில்தானே தேடலின் சுகம்? எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டுக் காட்டினால் அப்புறம் அது சுற்றுலா, பயணம் இல்லையே!’ என்பது அந்தப் பதில்.

இதை லேசில் தள்ளிவிட முடியாது. கோட்பாட்டு வலுவுள்ள வாதம் இது. உம்பர்ட்டோ எக்கோ 1962இல் ‘திறந்த படைப்பு’ பற்றி எழுதியதும், வுல்ஃப்காங் ஈசர் 1976இல் வாசிப்பைப் பற்றிய தம் நூலில் பிரதியின் வெற்றிடங்களைப் பேசியதும் நமக்குப் பழகிய செய்திகள். பிரதி சொல்லாமல் விடுகிற இடத்தில்தான் வாசகர் நுழைகிறார். இடைவெளிதான் அவரை உழைக்க வைக்கிறது. நிரப்பப்பட்ட பிரதியில் வாசகருக்கு இடமில்லை. ரோலான் பார்த் 1970இல் வாசகப் பிரதி, எழுத்துப் பிரதி என்று பிரித்தபோது அவர் கேட்டதும், நுகர்வோராக ஒடுங்கிவிடாத, உற்பத்தி செய்கிற வாசகரைத்தான்.

‘எலீட் டேஞ்சரஸ்’ அப்படிப்பட்ட வாசகர்களை உருவாக்கியதும் உண்மை. 2015இல் விளையாடுகிறவர்கள் விண்வெளியில் ஒரு விசித்திரப் பொருளைக் கண்டெடுத்தார்கள். ‘அறியப்படாத தொல்பொருள்’ என்று மட்டும் திரை சொன்னது. அது எழுப்பிய ஒலிகளைப் பதிவுசெய்து, மெதுவாக்கி, மோர்ஸ் குறியீடாக வாசித்துப் பொருள் எடுத்தார்கள். பல நாடுகளைச் சேர்ந்த, ஒருவரையொருவர் பார்த்திராத ஆட்கள் ராத்திரி பகலாய் உட்கார்ந்து ஒரு அன்னிய மொழியைப் படித்தார்கள். இந்த இடத்தில் விளையாட்டின் மௌனம் அற்புதமானது. ‘ராக்ஸ்லா’ என்ற மர்ம உலகம் ஒன்று உண்டு. 1984இல் வெளிவந்த முதல் ‘எலீட்’டின் பெட்டிக்குள் வைத்த குறுநாவலில் – ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதியது – வந்த பெயர் அது. 40 வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதை யாராவது அம்புக்குறி போட்டுக் காட்டினால் நானே சண்டைக்குப் போவேன்.

ஆகவே இருட்டு கூடாது என்பதல்ல என் கட்சி. ராக்ஸ்லா எங்கே என்று சொல்லாததும், மெட்டா அலாய் எந்தக் கடையில் விற்கிறது என்று சொல்லாததும் ஒரே மௌனம்தானா என்பதுதான் கேள்வி. ‘திறந்த பிரதி’ என்ற ஒரே போர்வையை இரண்டின் மேலும் போர்த்திவிடுகிறார்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

3

இரண்டையும் பிரிக்க ஓர் எளிய அளவுகோல் போதும்: அந்தக் கற்பனை உலகத்தில் வாழ்கிற ஒரு சாதாரண ஆளுக்கு இது தெரிந்திருக்குமா, தெரிந்திருக்காதா?

ராக்ஸ்லா எங்கே என்று அந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அங்கே விளையாடுகிறவரின் அறியாமையும் பாத்திரத்தின் அறியாமையும் ஒன்று. இதை நட்சத்திரத்தின் மௌனம் என்று வைத்துக்கொள்வோம். மெட்டா அலாய் விற்கும் கடையோ கடைக்காரருக்குத் தெரியும், சரக்குக் கப்பல்காரர்களுக்குத் தெரியும், கேட்கிற ஃபார்சீருக்கே தெரியும். அந்த உலகத்தில் பத்திரிகை இருக்கிறது – ‘கேல்நெட்’ என்று பெயர் – அரசுகள் கவிழ்வது முதல் எல்லாம் அதில் வருகிறது. ஒளியை மிஞ்சிப் பறக்கிற கப்பல் இருக்கிறது. ஆனால் விலாசம் கேட்டால் மட்டும் ஊரே ஊமை. இது பாத்திரத்தின் அறியாமை இல்லை. விளையாடுகிறவரின் தலையில் மட்டும் கட்டப்பட்ட அறியாமை. இதைக் கம்பெனியின் மௌனம் என்பேன்.

எரிபொருள் விஷயம் இன்னும் தெளிவானது. சில வகை நட்சத்திரங்களின் ஓரமாகப் பறந்து கப்பலுக்கு எரிபொருள் அள்ளிக்கொள்ளலாம். சில வகைகளில் முடியாது. கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் என்ற ஏழு வகையில் முடியும். இதைப் புதியவருக்குப் பளிச்சென்று சொல்கிற ஏற்பாடு ஆரம்ப வருஷங்களில் விளையாட்டில் இல்லை. விளையாடுகிறவர்களே அந்த எழுத்துகளைக் கோத்து ‘கேஜிபி ஃபோம்’ என்று ஒரு மனப்பாடச் சொல் செய்துகொண்டார்கள். விமானி உரிமம் வைத்திருக்கிற ஆளுக்கு எந்த நட்சத்திரத்தில் எரிபொருள் கிடைக்கும் என்று தெரியாது என்பது, லாரி டிரைவருக்கு டீசல் பங்க்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் வித்தியாசம் தெரியாது என்பது மாதிரி. இதில் என்ன மர்மம், என்ன தேடல்?

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரதி வேண்டும். மோபியஸ் டிஜிட்டல் 2019இல் வெளியிட்ட ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ஸும் விண்வெளித் தேடல்தான். அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் என்ற மாணவரின் முதுநிலை ஆய்வுப் பணியாகப் பிறந்தது. கையளவு கோள்கள். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கிறது. மறுபடி முதலிலிருந்து விழிக்கிறீர்கள். பணம் இல்லை, கப்பலை மேம்படுத்துவது இல்லை. ஒரு சுற்றிலிருந்து அடுத்ததற்கு நீங்கள் எடுத்துச்செல்லும் ஒரே சொத்து நீங்கள் தெரிந்துகொண்டதுதான். இங்கேயும் யாரும் ‘இங்கே போ’ என்று சொல்வதில்லை. ஆனால் புறப்படுவதற்கு முன் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்திப் பேசுகிறார்கள். ஊரில் ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. எடையில்லாமல் மிதப்பதற்கு ஒரு குகையில் பழகிப் பார்க்கலாம். அந்த ஊர் அறிந்தது எல்லாம் உங்களுக்கும் கிடைக்கிறது. ஊர் அறியாததைத் தேடித்தான் நீங்கள் போகிறீர்கள். கப்பலுக்குள் ஒரு பதிவேடு, கண்டதையெல்லாம் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. ஓரிடத்தில் பார்க்க இன்னும் பாக்கியிருந்தால் அதையும் சொல்கிறது. எங்கே அறியாமை இருக்கிறது என்பதைக்கூட அது மறைப்பதில்லை!

அதை விளையாடிய நாட்களில் நான் ஒருமுறைகூட வெளியே போய் எதையும் தேடவில்லை. போகத் தோன்றவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் மனசு அந்தக் கோள்களுக்கு நடுவே முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தது. குறைவாகச் சொல்லியும் முழுதாகச் சொல்லலாம் என்பதற்கு இது சாட்சி. பிரதி தன் வாசகரோடு ஒரு ஒப்பந்தம் செய்கிறது: ‘உனக்கு வேண்டியது எல்லாம் இந்த எல்லைக்குள் இருக்கிறது, தேடு.’ ‘எலீட் டேஞ்சரஸ்’ அந்த ஒப்பந்தத்தைச் செய்யவே இல்லை.

4

ஒரு வரலாற்றுக் குறிப்பு இங்கே அவசியப்படுகிறது. முதல் ‘எலீட்’ 1984 செப்டம்பரில் பிபிசி மைக்ரோ என்ற கணினிக்கு ஏக்கார்ன்சாஃப்ட் வெளியிட்டது. எழுதியவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள். 8 விண்மீன்கூட்டம், ஒவ்வொன்றிலும் 256 மண்டலம். கோடானுகோடி விண்மீன்கூட்டங்களை உருவாக்க அவர்களுடைய சூத்திரத்தால் முடியும். அவ்வளவு வைத்தால் அச்சடித்தது போன்ற ஒற்றுமை வெளியே தெரிந்துவிடும் என்று கருதிய பதிப்பாளர்கள் எட்டோடு நிறுத்தச் சொன்னார்கள். மிகையான வெறுமை சூத்திரத்தைக் காட்டிக் கொடுத்துவிடும் என்ற புத்தி அன்றைக்கு இருந்தது.

அந்த விளையாட்டும் திரைக்குள் நிறையச் சொல்லவில்லை. நினைவகம் கிலோபைட்டில் எண்ணப்பட்ட காலம், சொல்ல இடமில்லை. ஆனால் பெட்டிக்குள் கையேடு இருந்தது, அந்தக் குறுநாவல் இருந்தது, கப்பல்களை அடையாளம் காணும் படம் இருந்தது. பணம் கொடுத்தவருக்கு அறிவும் சேர்ந்தே கிடைத்தது. நகல் எடுத்து விளையாடியவருக்கு அது கிடைக்கவில்லை. ஆக, அப்போதே தகவல் என்பது ஒரு பூட்டுதான். 1985இல் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வந்த பதிப்பில் ‘லென்ஸ்லாக்’ என்று நிஜமாகவே ஒரு பூட்டு வைத்தார்கள்: திரையில் சிதைந்து தெரியும் எழுத்தைப் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் வில்லை வழியாகப் பார்த்துப் படித்தால்தான் உள்ளே போகலாம். வேறு விளையாட்டுக்குரிய வில்லை மாறிப் போய்ச் சேர்ந்த பெட்டிகளும் உண்டு. பணம் கொடுத்தவரே வாசலில் நின்றார்!

2014இல் பெட்டி மறைந்துவிட்டது. கையேட்டின் இடத்தில் எது வந்தது? நினைவகப் பஞ்சம் என்று இனிமேல் சொல்ல முடியாது. 40,000 கோடி மண்டலங்களை வைக்க இடமிருக்கும்போது, எந்தத் துறைமுகத்தில் என்ன விற்கிறது என்ற ஒரு பட்டியலுக்கு இடமில்லாமல் போகுமா? கையேட்டின் இடத்தில் மனிதர்கள் வந்தார்கள். சம்பளம் இல்லாத மனிதர்கள்.

5

வெளிவந்த கொஞ்ச நாளிலேயே, விளையாடுகிறவர்கள் தாங்கள் போன துறைமுகங்களின் விலைவாசியைப் பகிர்ந்துகொள்ள ‘ஈடிடிஎன்’ என்றொரு வலைப்பின்னலை அமைத்தார்கள். ஒருவர் ஒரு நிலையத்தில் இறங்கினால் அங்கே உள்ள விலை எல்லோருக்கும் போய்ச் சேரும். அந்தத் தரவை வைத்து ‘ஈடிடிபி’, ‘இனாரா’ போன்ற அட்டவணைத் தளங்களைத் தனிமனிதர்கள் கட்டினார்கள். எந்தக் கப்பல்பாகம் எங்கே விற்கிறது, எந்தச் சரக்கை எங்கே வாங்கி எங்கே விற்றால் லாபம் – எல்லாம் அங்கே. கம்பெனி இதைத் தடுக்கவில்லை, வசதியே செய்துகொடுத்தது. 2016 முதல் விளையாடுகிறவரின் கணினியிலேயே ஒவ்வொரு நகர்வையும் ஒரு கோப்பில் விளையாட்டு எழுதிவைக்கிறது, வெளிக்கருவிகள் படிப்பதற்குத் தோதாக. அதாவது, ‘தகவலை நான் சொல்ல மாட்டேன், நீங்களே சேகரித்து, நீங்களே அடுக்கி, நீங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள், கோப்பு மட்டும் தருகிறேன்.’

2000ஆம் ஆண்டிலேயே டிசியானா டெர்ரனோவா, இணையப் பொருளாதாரம் எப்படிக் கூலியில்லா உழைப்பின் மீது நிற்கிறது என்று எழுதினார். மகிழ்ச்சியோடு கொடுக்கப்படுவதும் அதே சமயம் சுரண்டப்படுவதுமான உழைப்பு. இரண்டும் ஒன்றாக உண்மை என்பதுதான் அதன் சிக்கல். ‘இஷ்டப்பட்டுத்தானே செய்தார்கள்?’ ஆமாம், இஷ்டப்பட்டுத்தான். ஆனால் அந்த இஷ்டம் இல்லாவிட்டால் அந்தச் சரக்கு விற்பனைக்கு லாயக்காக இருந்திருக்குமா என்றும் கேட்க வேண்டும். 2023 ஏப்ரலில் ஈடிடிபி மூடப்பட்டது. ஒருவர் தன் சொந்த நேரத்தில் வருஷக்கணக்கில் நடத்தியது; நிறுத்திக்கொண்டார். அதை நம்பியிருந்தவர்கள் பதறி, வேறு தன்னார்வலர்களின் கருவிகளுக்கு ஓடினார்கள். விளையாட்டின் ஒரு அங்கமே கழன்று விழுந்த மாதிரி இருந்தது அது. கம்பெனியின் கணக்கேட்டில் அந்த அங்கம் ஒருநாளும் இருந்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சியம் ‘எரிபொருள் எலிகள்’. 2015இல் உருவான குழு. விண்வெளியில் எரிபொருள் தீர்ந்து நிற்கிறவர்களிடம் போய்ச் சேர்ந்து எரிபொருள் ஊற்றுவதுதான் வேலை, காசு வாங்குவதில்லை. பல்லாயிரம் பேரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். கப்பலில் மின்சாரம் அணைந்துபோனால் சாதாரண உயிர்காப்புக் கருவியில் 5 நிமிடத்துக்குத்தான் பிராணவாயு. ‘ஆபத்து, உதவி வேண்டும்’ என்று இந்தக் குழுவைக் கூப்பிட விளையாட்டுக்குள் ஒரு பொத்தான் கிடையாது. வெளியே ஒரு அரட்டை வழித்தடத்துக்குப் போய்த்தான் கூப்பிட வேண்டும். பிராணவாயு ஓடிக்கொண்டிருந்தால் அவர்கள் சொல்கிற முதல் யோசனை: உடனே விளையாட்டிலிருந்து வெளியேறி முகப்புத் திரைக்குப் போய்விடு, அங்கே கடிகாரம் நின்றுவிடும். யோசித்துப் பாருங்கள். அந்தப் பிரபஞ்சத்தில் உயிர் பிழைப்பதற்கான முதல் விதி, அந்தப் பிரபஞ்சத்தை விட்டு வெளியே போவது!

6

இதுவரை சொன்னதைச் ‘சரியாக வடிவமைக்கவில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்க விரும்பவில்லை. இந்தத் தகவலின்மை பிரதியின் கருத்தியலோடு பொருந்திப் போகிறது.

இந்த விளையாட்டில் ஒருவர் புதிய மண்டலத்தைக் கண்டால், அந்தத் தரவு அவர் கப்பலில் இருக்கிறது. அதை ‘யுனிவர்சல் கார்ட்டோகிராஃபிக்ஸ்’ என்ற கற்பனை நிறுவனத்திடம் விற்கும்போதுதான் அது கண்டுபிடிப்பு ஆகிறது, பணம் வருகிறது, ‘முதலில் கண்டவர்’ என்று அவர் பெயர் அந்த நட்சத்திரத்தின்மேல் ஒட்டப்படுகிறது. விற்பதற்கு முன் கப்பல் வெடித்தால் எல்லாம் போச்சு. மாதக்கணக்கில் பார்த்ததெல்லாம் பார்க்காததாக ஆகிவிடும். ஆக, அறிதல் என்பது இங்கே காண்பதல்ல, விற்பது. வரைபடக் கம்பெனியிடம் விற்று, பெயர் பொறித்து, அடுத்த நிலத்துக்குப் போவது. இந்த மொழி நமக்குப் புதிதல்ல. காலனிய வரைபடக்காரர்களின் மொழி இது. ஒரே வித்தியாசம், அங்கே ஏற்கெனவே குடியிருந்த ஜனங்கள் இங்கே வசதியாக இல்லை.

முதல் ‘எலீட்’ வந்த 1984, பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம், தாட்சரின் ஆட்சி. ஒற்றை ஆள், ஒரு கப்பல், 100 கிரெடிட் கைமுதல், மிச்சமெல்லாம் உன் சாமர்த்தியம் என்பதுதான் அந்த விளையாட்டின் ஆரம்பம். சமூகம் என்று ஒன்றைக் காட்டத் தேவைப்படாத கதையாடல் அது. எழுதியவர்கள் அதை நினைத்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. காலம் பிரதிக்குள் தன்னை எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். 30 வருஷம் கழித்து வந்த வாரிசும் அதே தனிமனிதனைத்தான் கப்பலில் ஏற்றியது. தனிமனிதன் சாமர்த்தியசாலியாக இருக்க வேண்டுமானால், அறிவு பொதுவில் கிடைக்கக்கூடாது. பக்கத்து ஊர் விலையைப் பக்கத்து ஊர்க்காரர் சொல்லக்கூடாது. தகவலின்மை இந்தத் தனிமனிதத் தொன்மத்தின் அஸ்திவாரக் கல்.

அந்தத் தொன்மத்தைக் கொண்டு அந்த விளையாட்டை விளையாட முடியவில்லை! பிரதி தனியாளைப் புகழ்கிறது. ஆனால் அதை வாசிக்க முடிவதே கூட்டு உழைப்பால்தான். விலைப்பட்டியல் பொதுச்சொத்தாகிறது. எரிபொருள் இலவசமாக ஊற்றப்படுகிறது. மோர்ஸ் குறியீட்டை நூறு பேர் சேர்ந்து படிக்கிறார்கள். ‘முதலில் கண்டவர்’ என்று ஒரு பெயரைத் திரை காட்டுகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஆயிரம் பேர் எழுதிவைத்த குறிப்புகள் நிற்கின்றன. பிரதியின் மௌனம், அதன் சொந்தக் கருத்தியலுக்கு எதிரான ஒரு சமூகத்தை உருவாக்கிவிட்டது. கம்பெனியின் திட்டத்தில் இல்லாத இதைத்தான் நான் இந்த விளையாட்டின் உண்மையான சாதனை என்று நினைக்கிறேன்.

அதற்காகக் கம்பெனிக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. பஞ்சத்தில் ஜனங்கள் கஞ்சித்தொட்டி வைத்தார்கள் என்பதற்காகப் பஞ்சத்தைப் பாராட்ட முடியாது.

இன்னொன்று. 2012இல் பணம் திரட்டிய காலத்தில் இணையம் இல்லாமல் தனியாக விளையாடும் வசதியும் தருவோம் என்று வாக்களிக்கப்பட்டது. 2014 நவம்பரில், வெளிவரச் சில வாரங்களே இருக்கையில், அது கிடையாது என்று அறிவித்தார்கள். எனவே அந்தப் பால்வீதி முழுவதும் கம்பெனியின் கணினிகளை நம்பியே உயிர்வாழ்கிறது. ஒருநாள் அந்தக் கணினிகள் அணைக்கப்பட்டால் என்ன மிஞ்சும்? தன்னார்வலர்கள் எழுதிவைத்த அட்டவணைகளும் குறிப்புகளும் மிஞ்சும். நட்சத்திரங்கள் போய்விடும், விலாசங்கள் இருக்கும்.

7

கடைசியாக, என்னைப் பற்றியும் நம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இந்தத் தகவல்களையெல்லாம் கரைத்துக் குடித்த பிறகு எனக்குள் ஒரு மிதப்பு வந்தது. எந்த நட்சத்திரத்தில் எரிபொருள், எந்த நிலையத்தில் எந்தச் சரக்கு என்று மற்றவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். புதிதாக வந்த ஒரு தம்பி மெட்டா அலாய் எங்கே கிடைக்கும் என்று கேட்டபோது, ‘தேடிப் பாருங்க, அதுலதான் சுவாரசியமே’ என்று பதில் எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான் உறைத்தது: நான் தேடவில்லையே! யாரோ எழுதிவைத்ததைப் படித்துத்தானே தெரிந்துகொண்டேன்? கேட்டா சொல்லணும்ல? சொல்லாமல் விட்டது தேடலின்மேல் உள்ள மரியாதையால் அல்ல. வாசல்காவலன் ஆகிவிட்ட சுகத்தால். கம்பெனியின் மௌனம் இப்படித்தான் நம் வாயிலும் குடியேறுகிறது. தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே ஒரு படிநிலையைக் கட்டிவிட்டு, அதற்குத் ‘தேடல்’ என்று பெயரும் வைத்துவிடுகிறது. மறுநாள் அந்தத் தம்பிக்கு மாயாவின் விலாசத்தை எழுதினேன். அதற்குள் வேறு யாரோ சொல்லியிருந்தார்கள்.

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இந்த மௌனம் அன்னியமானதா? புரியவில்லை என்று ஒரு வாசகர் கடிதம் போட்டால், ‘பிரதி திறந்தது, வாசகர் உழைக்க வேண்டும்’ என்று எத்தனை தடவை பதில் சொல்லியிருக்கிறோம்! சில நேரம் அது உண்மை. அந்த இருட்டு பொருளிலேயே இருந்தது. அதை வெளிச்சம் போட்டுக் காட்டினால் பொய்யாகிவிடும். சில நேரம் அது உண்மையில்லை. ஒரு பெயரை விளக்கச் சோம்பல்பட்டிருப்போம், ஒரு சொல்லை அவசரமாக மொழிபெயர்த்திருப்போம், அல்லது தெரியாதவர் தெரியாதவராகவே இருக்கட்டும் என்று உள்ளுக்குள் நினைத்திருப்போம். அதையும் ‘திறந்த பிரதி’ என்ற கணக்கில்தான் எழுதினோம். நட்சத்திரத்தின் மௌனத்தைக் கடன் வாங்கிக் கம்பெனியின் மௌனத்துக்கு மேல்பூச்சு பூசும் வேலையை நாமும் செய்திருக்கிறோம்.

ஆகவே விமர்சனம் கேட்க வேண்டியது ‘எல்லாவற்றையும் சொல்’ என்பதல்ல. அப்படிக் கேட்டால் ராக்ஸ்லாவை இழந்துவிடுவோம். கேட்க வேண்டியது இது: ஊரார் அறிந்ததை ஊருக்குள் நுழைகிறவருக்குச் சொல்லிவிடு, யாரும் அறியாததை அறியாததாகவே விடு, இரண்டையும் கலக்காதே. கலந்தால் லாபம் யாருக்கு என்று பார்த்தால், அந்த மௌனம் யாருடையது என்று தெரிந்துவிடும்.